மண்ணின் சத்தும் மண்டியின் விலையும்

நமது சங்க உறுப்பினர்களின் கடைகளில் அண்மைக் காலமாக ஒரு புதுக் கேள்வி எழுகிறது. "இது மருந்து அடிக்காத உளுந்தா? இந்த அரிசியில் சத்து இருக்கிறதா?" முன்பெல்லாம் வாடிக்கையாளர்கள் கேட்டது பழசா புதுசா, கல் இருக்குமா, விலை என்ன என்ற மூன்றே. இப்போது பள்ளிப் பிள்ளையின் ரத்தச் சோகைக்கு மருத்துவர் சொல்லிவிட்டார் என்று கம்பும் கேழ்வரகும் தேடி வரும் தாய்மார்கள், அது எந்த ஊர்ச் சரக்கு என்று கூடக் கேட்கிறார்கள். கடைக்காரர் "எல்லாம் நயம் சரக்குதான் அம்மா" என்கிறார். அதற்கு மேல் சொல்ல அவரிடம் விவரம் இல்லை. அவருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளாகிய நாமும் அந்த விவரத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே அதைப் பற்றி நம் தொழிலுக்கு வேண்டிய அளவில் சில செய்திகளை இங்கே எழுதுகிறோம்.

மண்டியில் நாம் சரக்குப் பார்க்கும் முறை எல்லோரும் அறிந்ததே. மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு கைப்பிடி எடுக்கிறோம். உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்க்கிறோம், பருமன் பார்க்கிறோம், சொத்தையும் கல் மண்ணும் எத்தனை என்று பார்க்கிறோம். ஒன்றிரண்டைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். இதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் இவையெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் பல்லுக்கும் தெரியும் குணங்கள். தானியத்துக்குள் இருக்கும் இரும்பும் துத்தநாகமும் குத்தூசியில் வருவதில்லை. தெரிகிற குணத்துக்கே விலை போடுகிறோம். விலை எதற்கோ அதற்கே சம்சாரி பயிர் செய்கிறார், அதற்கே ஆலைக்காரர் தீட்டுகிறார். ஒரே விலைச் சிட்டையில் போகும் இரண்டு மூட்டைகளுக்குள் இருக்கும் சத்து ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

கோவை வயலும் குன்னூர் ஆய்வுக்கூடமும்

மண்ணுக்கும் உணவின் சத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பேச்சு ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இதில் முதல் அடி வைத்த இடங்களில் நம் தமிழ்நாடும் ஒன்று. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரி வயலில் 1909-ஆம் ஆண்டு நிரந்தர உரப் பரிசோதனை ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பாத்தியில் மாட்டு எரு, ஒரு பாத்தியில் ரசாயன உரம், ஒரு பாத்தியில் ஒன்றுமே இல்லை என்று ஆண்டுக்கணக்காக ஒரே மாதிரி பயிர் செய்து பார்ப்பது அதன் நோக்கம்.

குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஒற்றை அறையில் 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அந்த மெக்கரிசனும், கோவையில் அரசின் வேளாண் ரசாயன அறிஞராக இருந்த விஸ்வநாத்தும் சேர்ந்து, வெவ்வேறு உரமிட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் பரிசோதனைப் பிராணிகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாட்டு எரு இட்ட நிலத்துத் தானியத்தில் ஊட்டம் மிகுந்திருந்தது என்று 1926-ல் வெளியிட்டார்கள். அது சிறிய அளவில் நடந்த சோதனை. பின்னால் உலகெங்கும் நடந்த ஆராய்ச்சிகள் அனைத்திலும் அதே முடிவு வந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் நூறு ஆண்டுக்கு முன்பே இந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்டிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெருமைதானே!

மண்ணில் இல்லாதது தானியத்திலும் இராது என்பதற்கு இன்னும் தெளிவான சான்று பின்லாந்து நாடு. அங்கே மண்ணில் செலினியம் என்ற தாது மிகக் குறைவு. அதனால் உணவிலும் குறைவு, மக்களின் ரத்தத்திலும் குறைவு. 1984-ல் அந்த அரசு ஒரு முடிவெடுத்தது. நாடு முழுவதும் விற்கும் உரத்திலேயே செலினியத்தைச் சிறிதளவு கலக்கச் செய்தார்கள். சில ஆண்டுகளிலேயே தானியத்தில் செலினியம் ஏறியது, மக்களின் ரத்தத்திலும் ஏறியது. இதற்கு நேர் எதிரான கதை பஞ்சாபில் நவான்ஷகர், ஹோஷியார்பூர் பக்கத்தில் சில கிராமங்களில் உண்டு. அங்கே மண்ணில் செலினியம் அளவுக்கு மீறி இருப்பதால் விளையும் கோதுமையிலும் தீவனத்திலும் அது மிகுந்து மாடுகளுக்குக் குளம்பு நோய் வந்தது. கோதுமை என்ற பெயர் ஒன்றுதான், உள்ளிருக்கும் சரக்கு வேறு.

நம் நாட்டுக்குப் பெரிய குறை துத்தநாகம். உத்தரப் பிரதேசத்தின் தராய்ப் பகுதியில், அதாவது இன்றைய உத்தராகண்டின் பந்த்நகரில், 1960-களில் நெற்பயிர் துருப்பிடித்தது போல் பழுத்துக் கருகியது. கைரா நோய் என்றார்கள். பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை, மண்ணில் துத்தநாகம் இல்லாததே காரணம் என்று ஒய்.எல்.நேனே என்ற அறிஞர் கண்டுபிடித்தார். இன்று இந்திய நிலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துத்தநாகக் குறை உள்ளவை. நெல்லுக்கு எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடச் சொல்லி வேளாண்மைத் துறை பரிந்துரைப்பது இதனால்தான்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். "மண் செத்துவிட்டது, அதனால் சத்தெல்லாம் போய்விட்டது" என்று மேடையில் பேசுவது எளிது. கணக்குப் பார்த்தால் பழி முழுவதும் மண்ணின் மேல் விழாது. இங்கிலாந்தில் ராத்தம்ஸ்டெட் என்ற பண்ணையில் 1843 முதல் கோதுமை பயிரிட்டு, ஒவ்வோர் ஆண்டுத் தானியத்தையும் மண்ணையும் பாட்டிலில் அடைத்து வைத்திருக்கிறார்கள். (நூற்று எண்பது ஆண்டுச் சாம்பிள்! நாமோ போன மாதச் சாம்பிளையே தேட வேண்டியிருக்கிறது.) அந்தப் பாட்டில்களைத் திறந்து சோதித்து 2008-ல் வெளியிட்ட முடிவு இது: 1960-களின் நடுப்பகுதி வரை கோதுமையில் துத்தநாகம், இரும்பு, தாமிரம், மெக்னீசியம் ஏறக்குறைய மாறவில்லை. அதிக மேனி தரும் குட்டை ரகங்கள் வந்த பிறகு இறங்கிவிட்டன. மண்ணில் இருந்த அளவோ குறையவில்லை.

நம் நாட்டிலும் மேற்கு வங்க விஞ்ஞானிகள் அப்படியொரு சோதனை செய்து 2021-ல் வெளியிட்டார்கள். 1960-களில் வெளியான நெல் ரகங்களையும் 2000-களில் வெளியான ரகங்களையும் ஒரே மண்ணில் வளர்த்தார்கள். பழைய ரக அரிசியில் கிலோவுக்கு 27.1 மில்லி கிராம் துத்தநாகம், புதியதில் 20.6. இரும்பு 59.8-லிருந்து 43.1. மேனி கூடியது, தாது அந்த அளவுக்குக் கூடவில்லை. பாலில் தண்ணீர் சேர்ந்த கதை என்று நம் மொழியில் சொல்லலாம். அதற்காகப் புதிய ரகங்களைக் குறை சொல்லக் கூடாது. 1960-களில் அரிசிக்கும் கோதுமைக்கும் வரிசையில் நின்ற நாடு இது. அந்தப் பசியைத் தீர்த்தவை அந்த ரகங்களே.

விதைக்கு அடுத்தபடியாக ஆலை. அரிசியின் தவிட்டுத் தோலில்தான் பி வைட்டமின்களும் இரும்பும் துத்தநாகமும் அதிகம். வெள்ளை ஏற ஏற அவை மாட்டுத் தீவனத்துக்குப் போகின்றன. முன்பு பச்சரிசி தீட்டிச் சாப்பிட்ட வட சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. அவிக்கும்போது தோலின் வைட்டமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் பாட்டிமார் வைட்டமின் கணக்குப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் பழக்கம் காப்பாற்றியது. இன்று புழுங்கலையும் பளிங்கு மாதிரி தீட்டச் சொல்லி வாங்குகிறோம்.

கரிசல் காட்டில் சாவி எங்கே?

அப்படியானால் மண்ணுக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். பெரிய பங்கு உண்டு. அது எப்படி என்பதை நம் விருதுநகர், விளாத்திகுளம், எட்டயபுரம் கரிசலை வைத்தே சொல்கிறோம்.

நம் கரிசல் சுண்ணாம்பு கலந்த மண். அதில் இரும்பும் துத்தநாகமும் இல்லாமல் இல்லை. ஆனால் அவை கட்டுண்டு கிடக்கின்றன. கிட்டங்கி நிறையச் சரக்கு இருந்தும் சாவி இல்லாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாவி மக்கிய குப்பையிலும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலும் இருக்கிறது. பயிரின் வேரோடு ஒட்டி வாழும் மைக்கோரைசா என்ற பூஞ்சை ஒன்று உண்டு. அதை ஒரு தரகர் என்றே சொல்லலாம். வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் தன் நூல்களை அனுப்பி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் திரட்டி வேரிடம் சேர்க்கிறது. கமிஷனாகப் பயிரிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. நிலத்தில் டி.ஏ.பி.யை அளவுக்கு மீறிக் கொட்டினால் மணிச்சத்துப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. பயிர் தரகரை ஒதுக்கிவிடுகிறது. தரகர் போனபின் அவர் கொண்டுவந்த துத்தநாகமும் குறைகிறது. அடிக்கடி ஆழ உழுதாலும், மருந்தைக் கண்டபடி அடித்தாலும் அந்த நூல்கள் அறுந்து போகும்.

இப்போது 'ரீஜெனரேட்டிவ்' என்ற பெயரில் உலகம் பேசும் விவசாயம் இந்தச் சாவியை மீட்கும் வேலைதான். மண்ணை மீட்கும் விவசாயம் என்று நாம் சொல்லலாம். ரசாயனத்தை நிறுத்துவது மட்டும் அது ஆகாது. நிலத்தை வெயிலில் வெறுமையாகப் போடாமல் மூடி வைப்பது, உழவைக் குறைப்பது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போடாமல் மாற்றுவது, ஆடு மாடுகளை நிலத்தோடு சேர்ப்பது ஆகியவை அதன் வழிகள். இவற்றில் பாதி நம் சம்சாரிகளுக்குத் தெரிந்தவை. கோடையில் ஆட்டுக்கிடை போட்டார்கள். கண்மாய் வற்றியதும் வண்டல் அடித்தார்கள். கம்போடு தட்டைப்பயறும் துவரையும் கலந்து விதைத்தார்கள். கிடை ஆடுகள் குறைந்து, டிராக்டர் வந்து, காடு முழுக்க மக்காச்சோளம் என்று ஆனபோது இவை தளர்ந்தன.

நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராக நடந்து சொன்ன பல தானிய விதைப்பு இந்த வகைதான். தானியம், பயறு, எண்ணெய்வித்து, பசுந்தாள் எல்லாம் கலந்து விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவது. ஆந்திரத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2016 முதல் அரசே முன்நின்று மகளிர் குழுக்கள் மூலம் இயற்கை விவசாயத்தைப் பரப்பி வருகிறது. அனந்தபூர் போன்ற வறண்ட மாவட்டத்திலும், மழைக்கு முன்பே பல வகை விதைகளை மண்ணிலும் சாணத்திலும் உருட்டி விதைத்து மூடாக்குப் போட்டு, நிலத்தை ஆண்டில் பெரும் பகுதி பச்சையாக வைக்கிறார்கள். 2024-ல் போர்த்துக்கலின் குல்பென்கியான் பரிசில் அந்தத் திட்டத்துக்கும் பங்கு கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தை அறிவித்து, பசுந்தாள் உர விதைக்கு வழி செய்தது.

இப்படி விளைந்ததில் சத்து அதிகமா? அமெரிக்காவில் இவ்வாறு பயிர் செய்யும் பத்துப் பண்ணைகளையும் பக்கத்துச் சாதாரணப் பண்ணைகளையும் இணை இணையாக வைத்து, பட்டாணி, சோளம், மக்காச்சோளம், சோயா பயிரிட்டுச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். சராசரியில் மண்ணை மீட்ட பண்ணைகளின் விளைச்சலில் சில தாதுக்களும் வைட்டமின்களும் கூடுதலாக இருந்தன. பத்து இணை என்பது சிறிய கணக்கு. அதை வைத்துக்கொண்டு கடை வாசலில் பலகை எழுதக் கூடாது.

அவசரமும் கூடாது. இலங்கையில் 2021 ஏப்ரலில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்து, நவம்பருக்குள் பின்வாங்கினார்கள். அதற்குள் அடுத்த போக நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. மண்ணை மீட்பது இரண்டு மூன்று போகங்களாவது பிடிக்கும் வேலை.

இடையில் யார் தாங்குவது?

அந்த இரண்டு மூன்று போகமும் சம்சாரியை யார் தாங்குவது என்பதுதான் வியாபாரிகளாகிய நம் வாசலுக்கு வரும் கேள்வி.

விளாத்திகுளம் பக்கத்துச் சம்சாரி ஒருவர் நமக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஆறு ஏக்கர் மானாவாரிக் கரிசல். மூன்று ஆண்டுகளாகக் கிடை போட்டு, பல தானியம் விதைத்து மடக்கி, டி.ஏ.பி.யை முதலில் பாதியாக்கிப் பிறகு நிறுத்தி உளுந்து எடுத்தார். அவர் கொண்டுவந்த சாம்பிள் பருமனில் சற்றுச் சிறியது, மினுமினுப்பும் குறைவு. மார்க்கெட்டில் வேறொரு கடையில் அதற்குக் குவிண்டாலுக்கு முந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்டுவிட்டார்கள். கேட்டவர் மேல் தவறில்லை. கண்ணுக்குத் தெரிந்ததற்கு விலை சொன்னார். அப்படி வாங்கியிருந்தால் அந்த உளுந்து பொதுக் குவியலில் கலந்து, இயந்திரத்தில் சலித்து, மதுரைக்கோ சென்னைக்கோ யாருடைய சரக்கென்று தெரியாமல் போயிருக்கும். மூன்று ஆண்டு உழைப்பு ஒரு நிமிடத்தில் குவியலில் கரைந்திருக்கும்.

அதை நாம் தனிச் சிப்பமாக நிறுத்தி, பொது ரக விலையே கொடுத்து, ஊரும் மாதமும் எழுதிய சீட்டுக் கட்டி, நமக்கு நெடுநாள் வாடிக்கையான மூன்று மளிகைக் கடைகளுக்கு மட்டும் அனுப்பினோம். பாலீஷ் இல்லை. "எந்த ஊர் உளுந்து, எப்படி விளைந்தது என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு மேல் எதுவும் சொல்லாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினோம். அதில் ஒரு கடைக்காரர், வயதில் நமக்குத் தம்பி முறை, பத்து நாளில் போன் செய்தார்: "அண்ணாச்சி, அந்தச் சின்ன உளுந்து இன்னும் நாலு மூட்டை இருக்கா? இட்லிக் கடைக்காரர் மாவு நல்லாப் பொங்குதுன்னு கேக்குறார்." மாவு பொங்குவதற்கும் துத்தநாகத்துக்கும் தொடர்பு உண்டென்று நாம் சொல்லவில்லை. சரக்குக்கு ஒரு முகவரி இருந்தால் அதைத் தேடி வர ஆள் உண்டு என்பதற்காகச் சொல்கிறோம். பொதுக் குவியலில் போயிருந்தால் அந்த இட்லிக் கடைக்காரர் எதைத் தேடுவார்?

இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று. 'ஆர்கானிக்' என்ற சொல்லைக் கடைக்காரர்கள் தாராளமாக எழுதுகிறார்கள். சட்டம் அப்படித் தாராளமாக இல்லை. அங்கக உணவுக்கான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, அப்படி விற்கும் சரக்குக்கு என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். இந்தியா சான்று வேண்டும். பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும். சிறு உற்பத்தியாளர் தாமே நேரடியாக உண்பவருக்கு விற்றால் விலக்கு உண்டு. அதே சரக்கு நம் கடை வழியாகப் போனால் அந்த விலக்கு நமக்கு வராது. சான்று வாங்க விரும்பும் சம்சாரிகளைக் கோவையில் உள்ள விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறைக்கு அனுப்பலாம். இன்னொன்று, அந்தச் சான்று பயிர் செய்த முறைக்குத்தான். தானியத்துக்குள் இத்தனை மில்லி கிராம் இரும்பு என்று அது சொல்வதில்லை. 'சத்து அதிகம்' என்று வாய்ச்சொல்லாகச் சொல்லி விலை ஏற்றுவது முறையல்ல. ஒரு வாடிக்கையாளர் சோதித்துப் பார்த்துவிட்டால் கடையின் பெயரே போய்விடும்.

சத்தைச் சொல்லியே தீர வேண்டுமானால் ரகத்தைச் சொல்வது பத்திரமானது. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லி கிராம், தீட்டிய அரிசியில் பத்துக்கும் குறைவு. இதை எந்தக் கடையிலும் தைரியமாகச் சொல்லலாம். இரும்புச்சத்து கூடுதலாக இருக்கும்படி இக்ரிசாட் நிறுவனத்தின் துணையோடு வெளிவந்த 'தனசக்தி' கம்பு போன்ற ரகங்களைத் தனியாக வாங்கித் தனியாக விற்கலாம். மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், 2015-ல் மத்திய அரசு தொடங்கிய மண்வள அட்டை சம்சாரிகள் பலரிடம் பெட்டிக்குள் கிடக்கிறது. அதில் துத்தநாகம், இரும்பு, அங்ககக் கரிமம் உட்படப் பன்னிரண்டு கணக்குகள் உண்டு. அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்ல மண். சரக்கோடு அந்த அட்டையின் நகலையும் கேட்டு வாங்குவதற்கு நமக்குச் செலவில்லை. சம்சாரிக்கும், தம் மண்ணை ஒருவர் விசாரிக்கிறார் என்ற எண்ணம் வரும்.

புரட்டாசிப் பட்டத்து உளுந்தும் பாசியும் தை பிறந்ததும் வரத்தாகும். அப்போது மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவரும் மண்வள அட்டையோடு வரும் ஒரு சம்சாரியின் சரக்கையாவது கலக்காமல் தனியாக நிறுத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச இருக்கிறோம். அதிலிருந்தும் பொதுக் குவியலிலிருந்தும் ஒவ்வொரு கிலோ எடுத்து முத்திரையிட்டு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் இரும்பும் துத்தநாகமும் மட்டும் பார்க்கக் கொடுப்போம். செலவைப் பங்கு பிரித்துக்கொண்டால் ஒருவருக்கு ஒரு மூட்டை உளுந்தின் லாபம் கூட ஆகாது. சம்சாரியின் சரக்கு மேலாக வந்தாலும், இரண்டும் ஒன்றாக வந்தாலும், வந்த எண்களை அப்படியே இந்த இதழில் வெளியிடுவோம். சேர விரும்புவோர் மார்கழி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.